மூன்றாவது கியர்

பொறாமைக்காரர் என்று யாராவது சொன்னால் பல்லுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தக் குணம் தன் ரத்தத்திலேயே கிடையாது என்பார். “பக்கத்து வீட்டுல மாடி எடுத்தாங்களே, நானா போய் அழுதேன்?” என்று கேட்பார். அழவில்லைதான். ஆனால் அவருக்கு முழங்கால் வலி. மாடிமேல் ஆசையே கிடையாது. ஆசை இல்லாத பொருள்மேல் பொறாமை வராமல் இருப்பதில் என்ன பெருமை என்று அவரிடம் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் கடைத்தெருவின் பின்பக்கம் ஒரு நீள அறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு வார்த்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, செட்டாகச் செய்து கொடுப்பார். ஊரில் பாதிக் கிழவர்கள் இவர் கைவேலையால்தான் மென்று தின்கிறார்கள். எதிரே வருகிறவர் சிரித்தால் இவர் முதலில் பல்லைப் பார்ப்பார். ஆள் யார் என்பது அதற்கப்புறம்தான்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. அது என்ன நிறம் என்று கேட்டால் புருஷன் ஒன்று சொல்வார், பெண்டாட்டி ஒன்று சொல்வாள். பின் கதவைத் திறக்க வேண்டுமானால் முதலில் இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். முன்பக்கம் டாஷ்போர்டில் விரிசல் விட்ட இடத்தை ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையை வைத்து அவரே அடைத்திருந்தார். வெயிலில் பார்த்தால் வண்டி வாயைத் திறந்து காட்டுவது போலிருக்கும். ஆனாலும் அது ஓடியது. தினம் காலையில் கிளம்பியது, தினம் சாயங்காலம் வீடு சேர்ந்தது. நடு ரோட்டில் நின்று மானத்தை வாங்கியதில்லை.

அதற்கு இருந்த ஒரே நோய் மூன்றாவது கியர்.

அவர் மனைவிக்கு மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரே ஏற்றம், அதிலும் வளைவுக்கு மேல் வளைவு. முன்னொரு காலத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் மூன்றாவது கியர் படக்கென்று தானாகக் கழன்று விழுந்துவிட்டது. இன்ஜின் அலறியது. வண்டி பின்னால் நழுவப் பார்த்தது. ஸ்டியரிங்கோ கல்லு மாதிரி கனம், இரண்டு கையும் இருந்தால்தான் திரும்பும். அவர் திணறுவதைப் பார்த்த மனைவி சட்டென்று கியர்க் கம்பியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஏறிவிட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஏற்றம் தொடங்கும், அவர் மூன்றாவது கியரைப் போடுவார், அவள் உள்ளங்கை வந்து அதன்மேல் உட்காரும். மடியில் சாப்பாட்டுப் பை, மறு கையில் போன், வாயில் ஆஸ்பத்திரிக் கதை. அந்தக் கை மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தொட்டி வளைவு வந்ததும், நோயாளியிடம் சொல்வதுபோல் வண்டியிடம் சொல்வாள்: “அசையாதீங்க. மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க.” ஆஸ்பத்திரி வாசலில் கையை எடுத்துவிட்டு, “இப்ப மூச்ச விடலாம்” என்பாள். அவளை இறக்கிவிட்டு அவர் கீழே இறங்கி வேலைக்குப் போய்விடுவார். அவள் இல்லாமல் அந்த மேட்டில் ஏற அவருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

இப்படியே போயிருக்கும். டைல்ஸ்காரர் புதுக் கார் வாங்கித் தொலைத்தார்.

டைல்ஸ்காரர் இவருக்குச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் பல்லுக்காரருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நிறுத்தினது யாருக்கும் கேட்கவில்லை, அத்தனை அமைதி. அதுவே பல்லுக்காரருக்கு முதல் குத்து. அவர் வண்டி தெருமுனை திரும்பும்போதே வீட்டில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார்கள்.

“வாங்கண்ணே, உள்ள உக்காந்து பாருங்க. சாவியே வேண்டாம். பாக்கெட்டுல இருந்தா போதும்.”

“தொலஞ்சு போச்சுன்னா?”

“பின்னாடி என்ன இருக்குன்னு இங்கயே படம் தெரியும்.”

“எனக்குத் திரும்பிப் பாத்தாலே தெரியும்.”

“சீட்டுல இருந்து காத்து வரும்ணே. முதுகு குளிருதா?”

“குளிருது” என்றார் பல்லுக்காரர். வயிறு எரிகிறது என்றா சொல்ல முடியும்?

அதையும் தாங்கிக்கொண்டிருப்பார். மாமனார் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பல் இவர் செய்தது. மாமனார் ஈறு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று தடவை அழித்து அழித்துச் செய்தது. அந்தப் பல்லைப் போட்டுக்கொண்டு இவர் வண்டியைப் பார்த்து அவர் ஒரு நாளாவது சிரித்ததுண்டா? ஏறும்போதெல்லாம் “இடுப்பப் பிடிச்சுக்கிச்சு” என்றுதான் சொல்லியிருக்கிறார்.

“நான் செஞ்சு குடுத்த பல்லால அவன் காரைப் பாத்துச் சிரிக்கிறாரு உங்கப்பா” என்றார் மனைவியிடம்.

“வேற யார் பல்லால சிரிப்பாரு?” என்றாள் அவள்.

அப்புறம் மனுஷன் நிலைகொள்ளவில்லை. வேலை மேசையில் உட்கார்ந்து கடைவாய்ப் பல்லைத் தேய்க்கும்போதும் அந்தக் கார்தான் கண்ணுக்குள் நின்றது. டைல்ஸ்காரர் கடை வழியாகப் போகாத சந்தே இல்லை என்பதுபோல் எங்கே போனாலும் அந்த வழியாகப் போனார். காரில் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். விழுந்திருக்காது. அடுத்த முறை டைல்ஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது, “வெயில்ல ஏன் தம்பி நிறுத்துறீங்க? அந்த மரத்தடியில விடுங்க” என்று அக்கறையாகச் சொன்னார். அந்த மரம் முழுக்கக் காக்கை. காக்கைகள் என்ன நினைத்தனவோ, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற இவருடைய வண்டியைத்தான் குளிப்பாட்டின.

கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னார். “வண்டிய மாத்திடலாம்னு இருக்கேன்.”

“ஏன்? நல்லாத்தானே ஓடுது?”

“ஓடினா போதுமா? பார்க்க வேண்டாமா?”

“எதைப் பார்க்க? உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு வெளிய தெரியவா போகுது?”

“உன் தங்கச்சி வீட்டுக்காரன் சொகுசா போவான், நாம மட்டும் இந்தத் தகர டப்பாவுல போகணுமா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சரி என்று அர்த்தம் போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நமக்கு வேண்டிய அர்த்தத்தைத்தானே நாம் எடுத்துக்கொள்வோம்.

ஷோரூமில் டை கட்டின ஒரு இளைஞன் ஒரு காரின் கதவைத் திறந்துவிட்டான். டைல்ஸ்காரர் காரைவிட ஒரு படி மேல். அதுதான் பல்லுக்காரர் கேட்ட ஒரே தகுதி.

“இதுல கியரே மாத்த வேண்டாம் சார். தானா மாறிக்கும்.”

மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்ப இந்தக் குச்சி எதுக்கு?”

“கிளம்பும்போது ஒரு தடவை தள்ளிட்டா போதும் மேடம். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.”

அவள் “ஓ” என்றாள். அதற்கப்புறம் கலர் காட்டினார்கள், சீட்டுத் துணி காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் “நல்லாருக்கு” என்றே சொன்னாள், பார்க்காமலே. பல்லுக்காரர் முன்பணம் கட்டினார். சனிக்கிழமை காலையில் பழைய வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் புது வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றான் அந்தப் பையன். பல்லுக்காரர் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டார்: சனிக்கிழமை வண்டி, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீடு.

அந்த வாரம்தான் மாமனாருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், அதே மேட்டு ஆஸ்பத்திரியில். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். டைல்ஸ்காரர் போன் பண்ணினார்.

“எல்லாரும் நம்ம வண்டியிலயே போயிடலாம்ணே. குலுங்காம கூட்டிட்டு வரணும்ல?”

குலுங்காம! இவர் வண்டி குலுங்குமாம். பல்லுக்காரர் அதை மென்று விழுங்கினார். இன்னும் மூன்று நாள்தானே, பொறுத்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அவர் மனைவிக்குக் காரில் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் அவள் முன்னால், டைல்ஸ்காரர் பக்கத்தில். பல்லுக்காரரும் மச்சினியும் பின்னால். பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. டைல்ஸ்காரர் ஒரே கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். இன்னொரு கை வேலையில்லாமல் அந்தக் கியர்க் குச்சிமேல் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. பல்லுக்காரர் அந்தக் கையையே முறைத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமைக்கப்புறம் நானும் இப்படி ஒரு கையால் ஓட்டுவேன் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி, கண்ணுக்கு எத்தனை வேளை சொட்டு மருந்து விட வேண்டும் என்று பின்னால் திரும்பித் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. பேச்சு நிற்கவில்லை. ஆனால் அவள் கை எழுந்தது. நேரே போய், கியர்க் குச்சிமேல் இருந்த டைல்ஸ்காரர் கையின்மேல் உள்ளங்கையைப் பதித்து, நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

வளைவு முடியும் வரைக்கும் அப்படியே இருந்தது.

“என்ன அண்ணி, பயமா இருக்கா?” என்றார் டைல்ஸ்காரர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சூடு பட்டவள்போல் கையை உதறி எடுத்தாள். “ஐயையோ! பழக்க தோஷம் தம்பி! எங்க வண்டியில இந்த இடத்துலதான் மூணாவது கியர் குதிக்கும்…”

மச்சினி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டைல்ஸ்காரர் சிரித்தார். ஆஸ்பத்திரியில் கதையைக் கேட்டு, கட்டுப் போட்ட கண்ணோடு மாமனார் சிரித்தார், அதே பல்லால். மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லுக்காரரும் பல்லைக் காட்டினார். எது சிரிப்பு, எது வெறும் பல் என்று அந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா?

காரைப் பார்த்து வந்தது வயிற்றெரிச்சல். இது அது இல்லை. அதையாவது பெண்டாட்டியிடம் சொல்லிப் புலம்பலாம். இதை யாரிடம் சொல்வது? என் மனைவி என் சகலை கைமேல் தெரியாமல் கை வைத்துவிட்டாள் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? சிரிக்கத்தானே செய்தார்கள். அந்தக் கை அவருடையது. இத்தனை வருஷமாக அது தினம் காலையில் வந்தது, அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. வண்டியில் இருக்கிற ஒரு பாகம் மாதிரி அதையும் நினைத்திருந்தார். இன்னொருத்தன் கைமேல் போய் உட்கார்ந்த பிறகுதான் அது கை என்று தெரிந்தது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மூன்றாவது கியரால் வந்த வினை என்று முடிவு கட்டினார். கியர் குதித்ததால்தானே கை பழகியது? பழகியதால்தானே கண்ட இடத்தில் போய் விழுந்தது? வியாழக்கிழமை மத்தியானம், மேசையில் பாதிச் செட்டை அப்படியே போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாலத்துப் பக்கம் இருக்கும் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். நாளை மறுநாள் கைவிட்டுப் போகிற வண்டிக்கு எதற்கு ரிப்பேர் என்று கேட்கிற புத்தி அப்போது அவரிடம் இல்லை. அந்தக் கை இனி ஒரு நாள்கூடப் பழகக் கூடாது. அவ்வளவுதான்.

“மூணாவது கியர் குதிக்குதுப்பா. இன்னைக்கே சரி பண்ணணும்.”

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். “எந்த வண்டி சார்?”

“எத்தன வண்டி இருக்கு என்கிட்ட? இதுதான்.”

“இதுவா? இது குதிக்காதே.”

“தினம் ஓட்டுறவன் நான் சொல்றேன்.”

“கடைசியா எப்ப குதிச்சுது?”

பல்லுக்காரர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. “என் வீட்டுக்காரம்மா பிடிச்சுக்குவா. அதனால குதிக்கறதில்ல.”

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்தான். “சார், போன வருஷம் நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, கிளட்ச் போயிடுச்சுன்னு அக்கா போன் பண்ணினாங்கள்ல? நான்தான் வந்து வண்டியக் கொண்டு போனேன். கியர் பாக்ஸைக் கீழ இறக்கினதும், இதையும் பாத்துடுவோம்னு மூணாவது கியரையும் முடிச்சுட்டேன். மறுநாள் அக்காவை டியூட்டிக்கு இதுலயே கொண்டு விட்டேன். ‘இனிமே பிடிக்க வேண்டாம்க்கா, பாருங்க’ன்னு மேட்டுல ஏத்திக் காட்டினேன். சொல்லலையா உங்ககிட்ட?”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நெஞ்சு உருகியிருக்கும். நம் ஆளுக்கு முதலில் வந்தது வேறு.

“அப்ப அவ கையை எங்க வச்சிருந்தா?”

“யாரு?”

“என் வீட்டுக்காரம்மா. அந்த மேட்டுல.”

“கைப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க சார். ஏன்?”

“ஒண்ணுமில்ல” என்றார். உயிர் வந்தது.

ஷெட்டிலிருந்து நேரே ஏற்றத்துக்குப் போனார், தன்னந்தனியாக. மூன்றாவது கியரைப் போட்டார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். தொட்டி வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கியர் அசையவே இல்லை. யாரும் பிடிக்காமல், யாரும் எதுவும் சொல்லாமல், வண்டி பாட்டுக்கு மேலே ஏறிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு என்னவோபோல் இருந்தது. காய்ச்சலிலிருந்து எழுந்த நாள் முதலாக எத்தனை காலை! ஒவ்வொரு காலையும் அந்தக் கை தேவையே இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இவர் அது தெரியாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கிறார், டைல்ஸ்காரர் காரை நினைத்துப் பொருமிக்கொண்டு.

சந்தோஷம் பொங்கியது. பொங்கின சந்தோஷம் அடங்குவதற்குள் பொறாமை மறுபடி தலையைத் தூக்கியது. கியருக்காக வைத்த கை இல்லையென்றால், அந்தப் பயல் கைமேல் எதற்காக வைத்தாள்?

வெள்ளிக்கிழமை காலை. சாப்பாட்டுப் பை மடியில். ஏற்றம் தொடங்கியது, மூன்றாவது கியரைப் போட்டார், உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். விரல் நகத்தருகே மருந்துக் கறை. வளையல் பதிந்த தடம்.

“மூணாவது கியர் சரியாயிடுச்சாமே.”

கை அசையவில்லை. “யார் சொன்னா?”

“மெக்கானிக்.”

“அவனுக்கு வாய் சும்மா இருக்காது.”

“நீ ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“கையை எடுன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. “வீட்டுல உங்களுக்குப் பல்லு, எனக்கு அடுப்பு. வேலைக்குப் போனா எனக்கு எக்ஸ்ரே. இந்த மேடு ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு அதுவும் போகப்போகுது.”

தொட்டி வளைவு வந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்தார். தொண்டை வரைக்கும் வந்துவிட்டதைக் கேட்காமல் விட அவரால் முடியவில்லை.

“அப்புறம் எதுக்கு அவன் கைமேல வச்ச?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இரண்டு நாளாக இவர் சோறு இறங்காமல் அலைந்தது எதற்கென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

“மேடு வந்துச்சு. பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னு கை நெனச்சுருச்சு. மேடு ஏறும்போது வேற யாரு இருந்திருக்கா என் பக்கத்துல? பின் சீட்டுல போய் உக்காந்தது உங்க தப்பு.” பிறகு, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: “இப்ப மூச்ச விடலாம்.”

அவர் விட்டார். வளைவு தாண்டி ரோடு கொஞ்ச தூரம் நேராகப் போனது. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, அவள் உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து, கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் போன் அடித்தது.

“ஷோரூமா இருக்கும். நாளைக்கு எத்தன மணிக்கு வர்றோம்னு கேப்பாங்க” என்றாள்.

“அடிக்கட்டும். வரலைன்னு மத்தியானம் சொல்லிக்கலாம்.”

“தம்பி கார் மட்டும் புதுசா இருக்குமே? பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. அந்தக் காரும், ஓசையில்லாத இன்ஜினும், முதுகில் வீசுகிற காத்தும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குச்சிமேல் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்த அந்தக் கையும் கண்முன்னால் வந்தன.

“இனிமே அவன் கார்ல போனா, நீ பின்னாடிதான் உக்காரணும்.”

“எனக்கு வாந்தி வரும்ங்க.”

“வரட்டும்” என்றார் பல்லுக்காரர். “அவன் சீட்டுதானே.”